பார்த்த கட்டம் மட்டும் தெளிவு

ஜூன் 3, திங்கள்

கம்பெனியில் டைரி கொடுத்தார்கள். வருடம் பாதி ஓடிய பிறகு டைரி கொடுக்கும் ஒரே முதலாளி எங்கள் ஜெயசீலன் சார்தான். போன வருட டைரியை மிதுன் கிறுக்கியே தீர்த்தான். இதை அலமாரியின் மேல் தட்டில் வைத்து நானே எழுதுவதாக இருக்கிறேன். எழுத விஷயமும் இருக்கிறது.

இன்று பூஞ்சிட்டு காப்பகத்தில் எங்கள் கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது. சரவணம்பட்டியில் வேலைக்குப் போகும் அப்பா அம்மாக்களின் பிள்ளைகள் பகல் முழுக்க இருக்கும் இடம் அது. எங்கள் மிதுனும் அங்கேதான். கூடத்தின் நடுக்கூரையில் ஒரே ஒரு கேமரா. சுற்றிலும் ஒரு மூலை விடாமல் பார்க்கும். பெற்றோர் இருந்த இடத்திலிருந்தே கைபேசியில் விரலால் தள்ளி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பலாம், வேண்டியதைப் பெரிதாக்கலாம்.

முழுக் கூடத்தையும் தெளிவாக அனுப்பினால் கைபேசி திணறிவிடும். அதனால் நான் அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்தேன். எந்தக் கட்டத்தைப் பார்க்கிறார்களோ அது மட்டும் தெளிவாகப் போகும். மற்றதெல்லாம் அமுக்கிச் சுருக்கி, மங்கலாக. பந்தியில் ஆள் உட்கார்ந்திருக்கும் இலைக்குத்தானே பரிமாறுவோம்? சேமித்து வைப்பதும் அப்படியேதான். யாராவது பார்த்த கட்டம் தெளிவாக இருக்கும், யாரும் பார்க்காதது மங்கலாகக் கிடக்கும். இது முழுக்க என் யோசனை. ஜெயசீலன் சார் எல்லோர் முன்னாலும் கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூன் 6, வியாழன்

காப்பகத்துப் பெற்றோர் எல்லோரும் கைபேசியும் கையுமாக இருக்கிறார்கள். சுகந்தி வங்கியில் அதிகாரி. கவுன்ட்டரில் கூட்டம் நிற்கும்போதே மகள் இனியாவைப் பார்க்கிறாளாம். "மேனேஜர் முறைக்கிறாரு, நான் எதுக்கு அவரைப் பாக்கறேன்?" என்று சிரித்தாள்.

எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார் என் கணவர் தயானந்தன். கம்பெனி ஊழியர் என்பதால் எனக்கு ஒரு கணக்கு இலவசம். அதையே தயாவின் போனிலும் போட்டுக் கொடுத்தேன். நான் வேலை மும்முரத்தில் திறப்பதேயில்லை. அவர் திறந்தால் மூடுவதில்லை. மில்லில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதுதானாம். "பையன் மேல இவ்வளவு பாசமா!" என்று என் அக்காவே போனில் வாயைப் பிளந்தாள். கண் பட்டுவிடப் போகிறது.

ஜூன் 12, புதன்

வீட்டில் காஸ் தீர்ந்தது. மோட்டார் ஓடவில்லை. இரண்டையும் பார்த்துவிட்டு ஆபீஸ் போனபோது மணி பதினொன்று.

மத்தியானம் காப்பகத்தில் மிதுன் மேலெல்லாம் ரசத்தைக் கொட்டிக்கொண்டான். மாற்றுச் சட்டை இல்லாததால், அங்கே ஆயாவாக இருக்கும் பழனியக்கா யாரோ ஒரு பெண்குழந்தையின் ரோஸ் கவுனை மாட்டிவிட்டார். சாயங்காலம் வரை அந்தக் கோலத்தில்தான் ஆடியிருக்கிறான். பெற்றோர் குழுவில் படம் போட்டு ஒரே சிரிப்பு.

தயா வீட்டுக்கு வந்ததும் "யார் கவுன் இது?" என்று கேட்டார். "மத்தியானம் பூரா பாத்துட்டே இருந்தேன்னு சொன்னீங்க?" என்றேன். கைபேசித் திரை சின்னது, நிறம் சரியாகத் தெரியவில்லை என்றார். ரோஸ் எப்படித் தெரியாமல் போகும்? நிறம் விஷயத்தை நாளைக்கே சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஜூன் 19, புதன்

இப்போதெல்லாம் காலையில் மிதுனைத் தயாவே கொண்டுபோய் விடுகிறார். சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புகிறார். எனக்கு வேலை மிச்சம்.

ஒரு பிழை கண்ணில் பட்டது. யார் எந்தப் பக்கம் அதிகம் பார்க்கிறார்கள் என்பதை எங்கள் கணினி கவனித்து வைத்துக்கொள்ளும். அடுத்தமுறை திறந்தவுடன் அந்தப் பக்கத்தையே முதலில் அனுப்பும், காத்திருக்க வேண்டாம் என்பதற்காக. சுகந்திக்குத் திறந்தவுடன் ஊஞ்சல் வருகிறது, இனியா எப்போதும் அங்கேதான். எங்கள் கணக்கில் மட்டும் மிதுன் விளையாடும் மணல்தொட்டிக்குப் பதிலாக ஜன்னல் ஓரம் வந்து நிற்கிறது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாரணி மிஸ்ஸின் மேசைதான் இருக்கிறது. எங்கேயோ கணக்கு தப்பியிருக்கிறது. நேரம் கிடைக்கும்போது திருத்த வேண்டும்.

ஜூன் 24, திங்கள்

இனியாவின் மணிக்கட்டில் சூட்டுக் காயம். நீளமாக, சிவந்து, கொப்பளித்து. சுகந்தி குழுவில் படம் போட்டுவிட்டுப் போனில் கதறினாள். குழந்தைக்கு மூன்று வயது. யார் கையைப் பிடித்தார்கள் என்று கேட்டால் "ஆயா" என்கிறதாம்.

தாரணி மிஸ் சொன்னார்: "பழனியக்கா கிச்சன்ல பால் காய்ச்சிட்டிருந்தாங்க. இனியா அழுதுட்டே அவங்க பக்கத்துலதான் நின்னா. நான் வேற எதுவும் பாக்கலைங்க மேடம்." இதற்கு மேல் என்ன வேண்டும்? பழுக்கக் காய்ந்த கரண்டியால் சூடு வைத்துவிட்டாள் என்று குழு முழுக்கக் கொதிக்கிறது. காப்பகம் நடத்தும் ஹேமலதா மேடம் பழனியக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். சுகந்தி ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறாள்.

சாப்பிடும்போது தயா தோசையைப் பிய்த்தபடி சொன்னார்: "அவளையெல்லாம் உள்ள தூக்கிப் போடணும். பச்சப்புள்ளைக்குச் சூடு வெக்கிறவ மனுசியா?" எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் மிதுனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். அவன் உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

ஹேமலதா மேடம் பதிவைக் கேட்டார். எடுத்துக்கொண்டு நானே போனேன். எல்லோர் முன்னாலும் போட்டேன்.

ஒன்றும் தெரியவில்லை! சமையலறை வாசலையும் குழாயடியையும் அந்த நேரத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. அதனால் கணினி அதை அமுக்கித் தள்ளிவிட்டது. பழுப்பாக ஒரு தீற்றல், அது பழனியக்காவின் சேலை. பக்கத்தில் மஞ்சளாக ஒரு தீற்றல், அது இனியா. இரண்டும் சேர்ந்து வாசல் பக்கம் நகர்கின்றன, அவ்வளவுதான். "பாருங்க, இழுத்துட்டுப் போறா!" என்றாள் சுகந்தி. மங்கலில் அவரவர் நினைத்தது தெரியும்தானே. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. என் கையால் செய்த மங்கல் அது.

வெளியே வந்தால் கேட் ஓரத்தில் பழனியக்கா நின்றிருந்தார்.

"நீங்கதானுங்களே கேமரா வெச்சவிங்க? நல்லாப் பாருங்க அம்மிணி. அந்தப் புள்ள தாரணி மிஸ்ஸுகிட்ட இருந்து அழுதுட்டு வந்துச்சு. நான் குழாயடிக்குக் கூட்டீட்டுப் போயி தண்ணி ஊத்துனேன். வேற ஒண்ணும் பண்ணலைங்க."

"தெளிவா விழலைங்க்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

"சனிக்கிழமை எல்லாரு முன்னாலயும் பேசீட்டு, அப்பறம் ஸ்டேசனுக்கு வரோணுமாம். புள்ளைக்குச் சூடு வெச்சவன்னு பேரு வந்துட்டா, எந்த வீட்டுலயாச்சும் என்னைப் படியேத்துவாங்களா? நான் எங்க போவேனுங்க?"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. நான் முயற்சி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன், அங்கேயேதான் நின்றிருந்தார்.

ஜூன் 26, புதன்

மங்கலாக்கிய கட்டத்தை மறுபடி தெளிவாக்க முடியாது. பிழிந்து ஊற்றிய சாற்றைச் சக்கையில் திரும்பவும் ஏற்ற முடியுமா? ஆனால் பழனியக்கா சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது: புள்ள தாரணி மிஸ்ஸிடமிருந்து வந்தது. மதியம் சாப்பிடாமல் அந்த நேரத்துக் கட்டங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

ஜன்னலோரக் கட்டம் மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது. அவ்வளவு தெளிவு, முழுக்கப் பெரிதாக்கி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் வரும்.

தாரணி மிஸ் மேசையில் உட்கார்ந்து போனில் ஏதோ தட்டுகிறார். தட்டிவிட்டு நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். முடியை ஒதுக்கிவிட்டுக்கொள்கிறார். மறுபடி போன். முக்காலியில் தண்ணீர் கொதிக்கும் மின்சாரக் கெட்டில் இருக்கிறது. கூடத்துக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது. இனியா வந்து மேசையைப் பிடிக்கிறாள், மிஸ் திரும்பவில்லை. அவள் முக்காலியில் கை ஊன்றுகிறாள். மணிக்கட்டு கெட்டிலில் அழுந்துகிறது. வாய் திறக்கிறது. சத்தம் கிடையாது, ஆனால் எனக்குக் கேட்டது. மிஸ் துள்ளி எழுந்து சுற்றுமுற்றும் பார்க்கிறார். முதலில் கெட்டிலை எடுத்து அலமாரிக்குள் வைக்கிறார். பிறகுதான் குழந்தை. தோளைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் திருப்பி ஒரு தள்ளு.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்து நாற்காலிப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்படியென்றால் யாரோ ஒருவர் இதையெல்லாம் அப்போதே நேரலையில் பார்த்திருக்கிறார், பார்த்துவிட்டு வாயே திறக்கவில்லை! எந்த ராட்சசி அது என்று பதிவில் தேடினேன்.

கணக்கின் பெயர்: கோகிலவாணி.

என் பெயர்.

ஜூன் 27, வியாழன்

மிதுனுக்குச் சளி. இட்லி. துணி ஊறவைத்து அலசவில்லை.

ஜூன் 28, வெள்ளி

நேற்று அதை எழுத முடியவில்லை. ஆபீஸில் உட்கார்ந்து கேமரா ஓட ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் கணக்கின் பார்வை முழுவதையும் கூடத்தின் வரைபடத்தில் ஏற்றிப் பார்த்தேன். அதிகம் பார்த்த இடம் சிவப்பாக எரியும். ஜன்னலோரம் தீப்பிடித்த மாதிரி இருந்தது. மணல்தொட்டிப் பக்கம் ஒரு பொட்டுகூட இல்லை. மிதுனை எங்கள் வீட்டிலிருந்து யாரும் பார்க்கவேயில்லை. சேமிப்பில் அவன் எல்லா நாளும் மங்கல்தான். என் பிழை என்று நினைத்த கணக்கு பிழையே இல்லை, கணினி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் திருத்தப் பார்த்தேன்.

இன்று காலையில் காபியை வைத்துவிட்டுக் கேட்டேன். தயா மறுக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"சும்மா பேச்சுதான் வாணி. மெசேஜ். வேற ஒண்ணுமில்ல, மிதுன் மேல சத்தியமா."

"அவன் பேரை இழுக்காதீங்க. இனியா கை வெந்ததப் பாத்தீங்களா, இல்லையா?"

"பாத்தேன். சின்னக் காயம்னு நெனச்சேன். தாரணியும் மருந்து போட்டாச்சுன்னுதான் சொன்னா."

"அப்பறம் அந்தப் பழனியக்காவ உள்ள தூக்கிப் போடணும்னு சொன்னீங்களே? இதே மேசையில உக்காந்து?"

"எல்லாரும் சொன்னாங்க. நானும் சொன்னேன்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். எனக்குக் கோபம்கூட வரவில்லை. பத்து வருடம் ஒரே தட்டில் தின்ற மனுஷன், ஒரு குழந்தை வேகிறதைப் பார்த்துவிட்டு வந்து தோசை கேட்டிருக்கிறார்.

"அந்தக் கட்டத்த அழிச்சிடு. யாருக்குத் தெரியப் போகுது? மங்கலாக்குறதுதான் உனக்குக் கைவந்த வேலையாச்சே."

"அழிக்க மாட்டேன். பழனியக்காவுக்காகப் படத்தக் காட்டுவேன்." பிறகு, எதற்கென்று எனக்கே தெரியாமல், "யாரு பாத்தாங்கன்னு காட்ட மாட்டேன்" என்றும் சொன்னேன். அவர் மூச்சு விட்டது கேட்டது. ஜெயசீலன் சாரும் அதையேதான் சொன்னார்: படத்தைக் காட்டு, யார் எங்கே பார்த்தார்கள் என்பதைச் சொல்லாதே, கம்பெனிக்குக் கெட்ட பெயர்.

ஜூன் 29, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

காப்பகக் கூடத்தில் கூடினோம். ஹேமலதா மேடம், கட்டுப் போட்ட கையோடு இனியாவை மடியில் வைத்துக்கொண்டு சுகந்தி, தாரணி மிஸ், இன்னும் சில பெற்றோர். தயாவும் வந்திருந்தார், என் பக்கத்து நாற்காலியில். பழனியக்காவுக்கு யாரும் நாற்காலி போடவில்லை, சுவரோரம் நின்றிருந்தார்.

சுவர் டிவியில் ஜன்னலோரக் கட்டத்தைப் போட்டேன். மிஸ் போன் தட்டுகிற, சிரிக்கிற பகுதியை விட்டுவிட்டுக் கெட்டிலிலிருந்து ஆரம்பித்தேன். பார்த்தவர் பெயருள்ள வரி திரைக்குக் கீழே மறைந்திருந்தது. சுகந்தி "அய்யோ" என்று குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

முதலில் பேசியது தாரணிதான். "இது பொய்ங்க மேடம்! சுத்தியும் எல்லாக் கட்டமும் மங்கல், இது ஒண்ணு மட்டும் எப்படித் தெளிவா இருக்கும்? கம்ப்யூட்டர்ல செஞ்சிருக்காங்க. அந்தம்மா இவங்க வீட்டு வாசல்ல போய் அழுதிருப்பாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நியாயமான கேள்விதான். ஹேமலதா மேடமும் "ஆமா, எப்படிம்மா?" என்றார். பழனியக்காவின் கண் என் மேலேயே இருந்தது. நான் இப்போது வாயை மூடிக்கொண்டால் படம் பொய்யாகிவிடும், அந்த மனுஷி சாயங்காலம் ஸ்டேஷன் போவார்.

"யாராவது பாத்தா அந்தக் கட்டம் தெளிவாச் சேரும். அந்த நேரத்துல இந்தக் கட்டத்த ஒருத்தர் பாத்துட்டிருந்தாங்க."

"யாரு?" என்றாள் சுகந்தி.

"எங்க கணக்கு. என் பேருல இருக்கறது."

சுகந்தி எழுந்துவிட்டாள். "நீயா? பாத்துட்டா அஞ்சு நாளா சும்மா இருந்தே? எங்கூட உக்காந்து அழுதியே! நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

அந்தத் திட்டை நானே வாங்கிக்கொள்ளலாம் என்றுதான், உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் நினைத்தேன். கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம். பழனியக்கா தப்பித்துவிடுவார், என் வீடும் வீடாக இருக்கும். வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

அதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "என்ன வாணி இது? பாத்திருந்தா எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

தயா. கலங்கிய கண், தழுதழுத்த குரல். மற்றவர்கள் பாவம் என்று அவரைப் பார்த்தார்கள்.

நான் அவர் முகத்தையே பார்த்தேன். இதற்கு மேல் அதிர்ச்சியடைய ஒன்றும் பாக்கியில்லை என்று நேற்றுக் காலையில் நினைத்திருந்தேன். எவ்வளவு முட்டாள். எழுந்துபோய்ப் படத்தை ஆரம்பத்திலிருந்து ஓட்டினேன். அந்தச் சிரிப்பு, அந்த முடி ஒதுக்கல், எல்லாம். பிறகு திரையை மேலே தள்ளினேன். பெயருக்குக் கீழே எந்தக் கைபேசி என்ற வரி இருக்கிறது. என்னுடையதும் உண்டு, அவருடையதும் உண்டு. அந்த வரியில் இருந்தது அவர் பெயர். அதைச் சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கினேன்.

தாரணி அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். வேறு யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சுகந்தி பழனியக்காவிடம் போய்க் கையைப் பிடித்தாள். பழனியக்கா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். "வெந்த கைக்குத் தண்ணி ஊத்துனதுக்குத்தானுங்களா என்னை ஸ்டேசனுக்கு வரச் சொன்னீங்க?" என்றார். சத்தமே இல்லாமல்தான் கேட்டார். சுகந்தி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஹேமலதா மேடம் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். பழனியக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் மிதுனைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஜெயசீலன் சாரிடமிருந்து வரிசையாக அழைப்பு. எடுக்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. எண்ணெய் காய்ச்சிக் கொடுத்து, பையனுக்குத் தலைக்கு ஊற்று என்றாள். நான் அவனுக்குத் தலைக்கு ஊற்றி ரொம்ப நாளாகிறது. குளிப்பாட்டுவதெல்லாம் அவசர அவசரமாக நடக்கும், பாதி நாள் தயாதான்.

எண்ணெய் தேய்க்கும்போது முடிக்குள் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. விலக்கிப் பார்த்தேன். காதுக்கு மேலே ஒரு தழும்பு, ஆறி வெளுத்துப்போயிருந்தது. ஒரு நகம் நீளம் இருக்கும்.

"இது எப்படிடா கண்ணு?"

"ஊஞ்சப் பலகை இடிச்சுது. ரத்தம் வந்துச்சு. பழனி ஆயா மஞ்சத்தூள் வெச்சாங்க."

"எப்ப?"

"ரசம் கொட்டுனதுக்கு அடுத்த நாளு."

ரசம் கொட்டியதற்கு அடுத்த நாள். அன்று நான் கைபேசியில் ரோஸ் நிறம் சரியாகத் தெரிகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தேன். பழனியக்கா தயாவிடம் சொல்லியிருப்பார், தயா என்னிடம் சொல்லவில்லை. அந்த நாளின் பதிவைத் திறந்தால் ஊஞ்சல் பக்கம் சுகந்தி புண்ணியத்தில் கொஞ்சம் தெளிவாக இருக்கும். ஓரத்தில் என் பையன் ஒரு தீற்றலாக இருப்பான். திறக்க எனக்குத் தைரியம் இல்லை.

"அம்மாகிட்ட ஏண்டா சொல்லல?"

அவன் திரும்பி என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "நீங்கதான் மேல கேமராவுல பாத்துட்டே இருந்தீங்களே. நான் உங்களப் பாத்துத்தான் அழுதேன்."

சீயக்காய் கண்ணில் பட்டுவிடும், கண்ணை மூடிக்கோ என்று சொல்லித் தண்ணீரை ஊற்றினேன்.